ஒட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள்

முப்பத்தோராண்டுக் காலம் அலுவலகத்தின் கடைசி மேசையில் அமர்ந்து, முதல் மேசைக்காரர்களின் மானத்தை முறைதவறாமல் காத்த மாண்பாளரே! கோந்துப் புட்டியையே செங்கோலாய்க் கொண்ட கோமானே! உறையின் வாயை ஒட்டுமுன் அதை எழுதியவரின் வாயைத் திறக்க வைத்த உத்தமரே! பட்டம் பெற்றவர்கள் பதறிப்போகும்படி, பட்டம் பெறாமலேயே பிழை பிடித்த பெருந்தகையே! ஏட்டில் அனுப்புகை எழுத்தர், எங்கள் நாவில் என்றென்றும் 'கோந்து அண்ணன்' ஆகிய அன்பின் திருவுருவே! எங்கள் இரு கை கூப்பிய வணக்கம்!

இந்த அலுவலகத்தில் இதுவரை ஓய்வு பெற்றவர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேருக்கும் பாராட்டு மடல் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. ஒவ்வொன்றும் உங்கள் மேசைக்கு வந்து, உங்கள் கண்ணில் பட்டு, குறைந்தது நான்கு முறை திரும்பிப் போய், குளித்துத் தலைதுவட்டிய குழந்தையைப்போல் மேடையேறியது. இருபத்துமூன்றாவது மடலுக்குத்தான் எங்களுக்குச் சோதனை வந்தது. மூன்று நாள் மதிய இடைவேளையில் ஐந்து பேர் கூடினோம். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. பொறியாளர் ஒருவர் 'ஹேஸ்' என்றார். இன்னொருவர் 'ஹேவ்' என்றார். உதிரிபாகக் கிடங்குக்காரர் 'ஹேட்' என்று போட்டுவிட்டால் சண்டை தீரும் என்று சமரசம் பேசினார். கடைசியில் ஐந்து பேரும் பழக்கதோஷத்தில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேசைக்கே வந்து நின்றுவிட்டோம். "என்ன, எல்லாரும் ஊர்வலமா வர்றீங்க?" என்று நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா" என்று சொல்லிவிட்டு, தாகமே இல்லாமல் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் திரும்பினோம்.

உங்களிடம் காட்டவும் முடியாது. காட்டாமல் வாசிக்கவும் துணிவில்லை. ஆகவேதான், பிறந்த நாளிலிருந்து பேசிவரும் மொழியில் எழுதிவிடுவோம், அதில் பிழை வந்தால் பெற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று இம்மடலைத் தமிழில் வடித்திருக்கிறோம். இதில் 'நீங்கள்' உண்டு, 'நாங்கள்' உண்டு, 'அவர்' உண்டு. எழுதியவர் சொல்லாக 'நான்' மட்டும் ஓரிடத்திலும் வராது. ஏன் என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள், முடிவில் சொல்கிறோம்.

அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் செய்திகள் எத்தனை! இன்ன தேதியில் லிஃப்ட் நிறுத்தப்படும், இன்ன பாகம் மாற்றப்பட்டது, இன்ன கோளாறு கவனிக்கப்படுகிறது என்று, நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதுமாய் ஒரு நாளைக்கு அறுபது எழுபது கடிதம். அத்தனையும் முறையான ஆங்கிலத்தில். அத்தனையும் உங்கள் கை வழியாக. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நீங்கள், மீதிப் படிப்பை அந்தக் கடிதங்களிலேயே படித்து முடித்தீர்கள். இலக்கணப் பெயர் ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. உங்களிடம் இருந்தவை இரண்டே கேள்விகள். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கோந்துப் புட்டியை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு, எழுதியவரின் மேசைக்கு நடந்து வருவீர்கள். "யாரு?" என்பீர்கள். பிறகு, "எப்போ?" என்பீர்கள். அவ்வளவுதான். இரண்டு பட்டம் வாங்கிய பொறியாளருக்கு அதற்குள் நெற்றி வியர்த்துவிடும்.

"நேத்து வருவேன்னு வீட்ல சொல்லுவீங்களா சார்?" என்று நீங்கள் கேட்டதும், அவர் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும் இந்த அலுவலகத்தின் அழியாத வரலாறு. அந்தப் பொறியாளர் இப்போது இரண்டாம் வரிசையில் அமர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உறைகள் ஒழிந்தன, மின்னஞ்சல் வந்தது. உங்கள் வேலை போகும் என்று சிலர் எண்ணினோம். போகவில்லை. முறையான செய்தி எதுவானாலும் ஒரே முகவரியிலிருந்துதான் போகவேண்டும், அதை அனுப்பும் பித்தானை ஒருவர்தான் அழுத்தவேண்டும், அந்த ஒருவர் நீங்கள்தான் என்று ஏற்பாடானது. கோந்துப் புட்டி மட்டும் மேசையைவிட்டு நகரவில்லை. உள்ளே கல்லாய்க் காய்ந்துபோன அந்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டுதான் இன்றைக்கும் எங்களிடம் கேள்வி கேட்க வருகிறீர்கள்.

இனி, உங்கள் பெருமைகளை வரிசையாய்ப் பட்டியலிட்டுப் புகழ்வதுதான் மரபு. வரிசையாய்ச் சொன்னால் நீங்கள் நெளிவீர்கள். நடந்த ஒன்றைச் சொன்னால் உட்கார்ந்து கேட்பீர்கள். ஆகவே எங்களுள் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

பதினான்கு ஆண்டு வரவேற்பு மேசையில் இருந்தவர் அவர். வாசலில் நுழைகிறவர் முகத்தைப் பார்த்தே எந்தக் கட்டடத்தின் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லக்கூடியவர். அறுபது கட்டடங்களின் தொலைபேசி எண்ணும், அங்கங்கே உள்ள காவல்காரர் எண்ணும் அவருக்கு மனப்பாடம். ஒருநாள், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று தானே பேசும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. வரவேற்பு மேசையை மடக்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். வயது நாற்பத்துநான்கு. வீட்டில் முதுகுவலியோடு பாதி நாள் வேன் ஓட்டும் கணவர். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் மகள். அப்போது மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "கடிதப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. மூணு மாசம் பாருங்க. இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுத வந்துட்டா நிரந்தரம். வரலைன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

இங்கிலீஷ்! தொலைபேசியில் அவர் பேசிய இங்கிலீஷில் 'குட் மார்னிங்'கும் 'ஒன் மினிட் சார்'உம்தான் பிரதானம். 

முதல் நாள் முதல் செய்தி. ஒரு கட்டடத்தில் இரண்டு லிஃப்டும் ஓடுகின்றன என்று தெரிவிக்கவேண்டும். அகராதியைப் பார்த்து, வியர்த்து, எழுதினார்: 'போத் லிஃப்ட்ஸ் ஈஸ் ஒர்க்கிங்.' ஐந்து நிமிடத்தில் நீங்கள் கோந்துப் புட்டியோடு வந்து நின்றீர்கள்.

"யாரு தங்கச்சி?"

"என்ன யாரு? லிஃப்டுதான்."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு பேரு வந்தா வந்தான்னு சொல்லுவியா, வந்தாங்கன்னு சொல்லுவியா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்று அந்த ஒரே செய்தி ஏழு முறை திரும்பியது. எது தப்பு என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? இல்லை. கேட்டுவிட்டுப் போனீர்கள், நின்று கேட்டுவிட்டுப் போனீர்கள், தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் கேட்டுவிட்டுப் போனீர்கள். ஏழாவது முறை அவர் வெடித்தார்.

"ஒரு எழுத்த நீங்களே மாத்திப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கோந்து என் வேலை, எழுத்து உன் வேலை" என்றீர்கள். சிரிக்கக்கூட இல்லை.

கோந்து ஒட்டுகிறவருக்கு வந்த வாழ்வைப் பார் என்று அவர் அன்று மனதுக்குள் உங்களைத் திட்டாத திட்டு இல்லை. இந்த நல்ல நாளில் அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம், மன்னித்தருளுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் ஒரு தந்திரம் செய்தார். எழுதிய தாளைப் படமெடுத்து மகளுக்கு அனுப்புவார். மகள் வகுப்பில் இருந்தபடியே மேசைக்கடியில் திருத்தி அனுப்புவாள். செய்திகள் திடீரென்று வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரத் தொடங்கின. நான்கு நாள் பேசாமல் அனுப்பினீர்கள். ஐந்தாம் நாள் வந்து நின்றீர்கள்.

"இது யாரு?"

"மெக்கானிக். அவருதான் பெல்ட்ட மாத்தினாரு."

"அதக் கேக்கலம்மா. எழுதினது யாரு?"

"நான்தான்."

"எப்போ?"

அவர் கைபேசியைத் தாளுக்கடியில் தள்ளினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சிதான்! நீங்களோ யாரிடமும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு நல்லா எழுதுது. ஆனா லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு அதுக்குத் தெரியாதே தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று மாலை அவர் மகளிடம், "இனிமே வேணாண்டி, நானே பாத்துக்கறேன்" என்றார். மகளுக்கு அதில் ஏக மகிழ்ச்சி.

பிறகு அவர் தன் பழைய தொழிலையே துணைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பாக நினைத்துக்கொண்டார். லைனில் யார் என்று கேட்காமல் இணைப்புக் கொடுக்கக்கூடாது அல்லவா? 'உதிரிபாகங்களின் பட்டியல்' என்று வந்தால், லைனில் இருப்பது பட்டியல் ஒன்றுதான். பாகங்கள் பக்கத்தில் நின்று சத்தம் போடுகின்றன, அவ்வளவுதான். சத்தம் போடுகிறவரைப் பார்த்து இணைப்புக் கொடுத்தால் அழைப்பு மாறிப்போகும். இந்தக் கணக்கு பிடிபட்டதும், ஏழு முறை திரும்பிய செய்தி நான்கு முறை ஆனது, நான்கு இரண்டானது. ஆனாலும் ஒரே நடையில் போன செய்தி என்று ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு தேநீர் வேளையில் அவர் உங்களிடம் கேட்டார்: "உண்மையச் சொல்லுங்கண்ணே, ஏன் யாரு எழுத்தையும் நீங்க தொடறதே இல்ல?"

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு கடிதத்தில் வினைச்சொல் உங்கள் காதுக்குச் சரியாகப் படவில்லை. யாரையும் கேட்காமல் பேனாவால் அழகாகத் திருத்தி ஒட்டிவிட்டீர்கள். ஆங்கிலம் சுத்தமாகிவிட்டது. ஆனால் நிறுத்திப் பழுதுபார்க்கப்போகிறோம் என்று எழுதியிருந்த லிஃப்டை, பழுதுபார்த்து முடித்தாயிற்று என்று ஆக்கிவிட்டீர்கள். வேலை முடிந்துவிட்டது என்று நம்பி ஏறிய பல் மருத்துவரும் அவருடைய நோயாளியும் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றார்கள்.

"பல்ல பிடுங்கறதுக்கு முன்னாடியா, அப்புறமாண்ணே?"

"முன்னாடிதான் தங்கச்சி" என்றீர்கள். "அந்தாளு முனகினது இன்னும் என் காதுல கேக்குது. அன்னையிலேர்ந்து அடுத்தவங்க எழுத்துல கை வைக்கறதில்ல. நடந்தது எழுதினவங்களுக்குத்தானே தெரியும்? அதான் கேக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். கண் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்தின் கடைசி நாளும் வந்தது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு மேலாளர் அவருடைய மேசைக்கே வந்தார். மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம் சார்'. அது அவருக்கும் தெரியும் என்பதால் இங்கே சபையறியச் சொல்கிறோம். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு லிஃப்டும் நான்கு நாளாக ஓடவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன் மேல் போன் போட்டு உயிரை எடுக்கிறார். "மெக்கானிக் பதினொரு மணிக்கு முடிச்சிடுவாரு. முடிஞ்சதுன்னே எழுதி வச்சிடுங்க. இது ஒண்ணு தப்பில்லாமப் போகட்டும், மத்தியானம் உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

முடியும் முன்பே முடிந்தது என்று எழுதி வைப்பது எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். வேலை முடிந்த நிமிடமே கடிதம் போகவேண்டும் என்ற ஆர்வம்தான். அதில் கெட்ட எண்ணம் இல்லை. எழுதி வைத்தாலும், நீங்கள் 'எப்போ?' என்று கேட்பீர்கள், எழுதியவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு விசாரிப்பார், பிறகுதான் போகும். அந்த ஒரு கேள்வியின் தோளில்தான் அத்தனை வழக்கமும் இத்தனை ஆண்டு சாய்ந்து நின்றது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவர் எழுதினார். 'இரண்டு லிஃப்டுகளின் பழுதுபார்ப்பு' என்று தொடங்கும் வாக்கியம். லிஃப்டுகள் இரண்டும் பக்கத்தில் நின்று கூச்சல் போட்டன. அவர் அசரவில்லை; லைனில் இருப்பது பழுதுபார்ப்பு ஒன்றுதான் என்று நிதானித்து, 'ஹேஸ் பீன் கம்ப்ளீட்டட்' என்று இணைப்புக் கொடுத்தார். பதினொன்று பத்துக்கு அது உங்கள் திரைக்கு வந்தது. நீங்கள் படித்தீர்கள். மறுபடி படித்தீர்கள். கோந்துப் புட்டியை எடுக்கவில்லை. பித்தானை அழுத்திவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து, அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினீர்கள்: "தங்கச்சி! இன்னைக்கு ஒரு பிழை இல்ல! ஒரே நடையில போயிடுச்சு!"

கை தட்டினோம். பொறியாளர் மேசையைத் தட்டினார். நீங்களே ஓடிப்போய் எல்லாருக்கும் தேநீர் சொல்லி, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தீர்கள்.  இன்று சாயங்காலம் கணவரிடம் எப்படிச் சொல்வது, வாசலிலேயே சொல்வதா, உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்வதா என்று யோசித்தபடி டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

"அண்ணே" என்றார். "இன்னைக்கு நீங்க எப்போன்னு கேக்கலையே."

உங்கள் முகத்தில் ரத்தம் வற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பல் மருத்துவர் நின்ற நாளுக்குப் பிறகு ஆனைக்கு அடி சறுக்கிய ஒரே நாள், இன்னொருவர் தேறிவிட்டார் என்ற மகிழ்ச்சியில் சறுக்கிய நாள்.

மெக்கானிக்கின் கைபேசியில் இணைப்பு இல்லை. இருக்காது, லிஃப்ட் ஓடும் குழிக்குள் எப்போதும் இருக்காது. அப்படியானால் அவர் இன்னும் குழிக்குள்தான் நிற்கிறார். ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கதவுப் பூட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். மொட்டை மாடி மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார்' என்று பலகை மாட்டியிருப்பார். வேலை முடிந்தது என்று அலுவலகத்தின் கடிதமே வந்துவிட்ட பிறகு, பலகையாவது ஒன்றாவது!

மேலாளர் எண்களைத் தேடத் தொடங்கினார். வரவேற்பு மேசைக்காரர் தேடவில்லை. பதினான்கு ஆண்டு விரலில் இருந்த எண் தானாக வந்தது. சங்கச் செயலாளரை விட்டுவிட்டு, காவல்காரரின் எண்ணைப் போட்டார்.

"என்னக்கா, ரொம்ப நாளாச்சு குரல் கேட்டு!" என்றார் காவல்காரர், மூச்சிரைக்க.

"எங்க இருக்கீங்க?"

"மோட்டார் ரூம்ல. செகரட்டரி லெட்டரக் காட்டினாரு, பன்னெண்டு மாடியும் ஏறி வந்தேன். பலகையக் கழட்டிட்டேன், இதோ மெயின் போடப்..."

"கைய எடுங்க!"

"அக்கா?"

"கைய எடுங்கன்னா எடுங்க! ஆள் உள்ள இருக்காரு! சுவிட்ச தொடாம, அது முன்னாடியே நில்லுங்க. செகரட்டரி வந்து சொன்னாலும் தொடாதீங்க. மெக்கானிக் உங்க முன்னாடி வந்து நிக்கற வரைக்கும் நகராதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இருபத்தாறு நிமிடம் லைனில் இருந்தார். "இதோ நிக்கறாருக்கா, முகமெல்லாம் கிரீஸு" என்று காவல்காரர் சொன்ன பிறகுதான் கைபேசியைக் கீழே வைத்தார். 

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது. தவறான செய்தி போயிருக்கிறது. அதைத் திருத்தி முறையான செய்தி ஒன்று போயாக வேண்டும். யார் எழுதுவது? இப்படி நேரும்போது, 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆளே இல்லாத வாக்கியமாக எழுதுவது உலக வழக்கம். தவறு தானே பிறந்து, தானே நடந்து போனதுபோல் இருக்கும். மேலாளரும் அதைத்தான் மெல்லச் சொன்னார். வரவேற்பு மேசைக்காரர் கேட்கவில்லை. மூன்று மாதம் 'யாரு?' என்று கேட்கப்பட்டுக் கேட்கப்பட்டு, ஆளில்லாத வாக்கியம் எழுத அவருக்கு வராமல் போய்விட்டது. வேலை போய்விட்டது என்று தெரிந்தே தட்டச்சு செய்தார்: காலையில் அனுப்பிய செய்தி உண்மையல்ல. வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. 'ஐ வாஸ் ராங்.'

நீங்கள் அவர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தீர்கள். கோந்துப் புட்டி கையில் இல்லை.

"யாரு?" என்று கேட்டீர்கள். குரல் உங்கள் குரல் மாதிரியே இல்லை.

"நான்தாண்ணே. எழுதினது நான்தானே."

"அனுப்பினது யாரு?"

"அண்ணே, உங்களுக்கு முப்பது வருஷம் மேல சர்வீஸு. இதுல வந்து நிக்காதீங்க. போறது என்னோட போகட்டும்."

"தள்ளு" என்றீர்கள்.

யார் எழுத்திலும் கை வைக்காத கை, பல் மருத்துவர் நின்ற நாளிலிருந்து பேனாவை மூடிவைத்த கை, அவருடைய விசைப்பலகைக்கு நீண்டது. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி, அந்த 'ஐ'யை அழித்தீர்கள். 'வீ' என்று போட்டீர்கள். பிறகு, ஆள் இரண்டானால் வினையும் மாறவேண்டுமே என்று, அந்த நிலையிலும் 'வாஸ்'ஐ அழித்து 'வேர்' என்று திருத்தினீர்கள். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மேலாளர் திரையைப் பார்த்தார்.  "இந்த 'வீ'ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ரெண்டு பேரு சார்" என்றீர்கள்.

"முடிஞ்சதுன்னு எழுதச் சொன்னது நான். மூணுன்னு வச்சுக்குங்க" என்றார். "மூணுக்கும் 'வேர்'தானே?"

"அதேதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பித்தானை அழுத்தினீர்கள்.

அவசரம் சாரை அன்றிலிருந்து நாங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் அப்படிக் கூப்பிடுகிறோம்.

அன்று ஆர்டரில் கையெழுத்து விழவில்லை, தவறு தவறுதானே. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் மேலாளர். அந்த மாதமும் முடிந்தது; கையெழுத்தும் விழுந்தது; உங்கள் தங்கச்சி வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முன்கூட்டி எழுதும் வழக்கத்தை மறுநாளே ஒழித்தோம். மெக்கானிக் தன் வாயால் 'முடிஞ்சது' என்று சொல்லும்வரை இன்றைக்கும் இந்த அலுவலகத்தில் யாரும் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வதில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஐயா! அண்ணா! பிழையின்றி எழுதுவது என்றால் என்ன என்று எங்களில் பலர் பட்டம் வாங்கும்போது தெரிந்துகொள்ளவில்லை. செய்தவரும் செய்ததும் பொருந்தவேண்டும். நடந்த நேரமும் சொன்ன நேரமும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால், எங்கோ ஒரு குழிக்குள் நிற்கும் ஒருவர் தலையில் அது இறங்கும். இதை நீங்கள் உபதேசமாக ஒருநாளும் சொன்னதில்லை. நடந்து வந்து கேட்டீர்கள், அவ்வளவே. உங்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். இதைச் சொல்ல முப்பத்தோரு ஆண்டு தாமதித்தோம் என்பதுதான் எங்கள் பெரிய பிழை.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! நாளை முதல் இவர் முழுநேரமும் உங்கள் பொறுப்பு. "யாரோ வந்து தேடினாங்க" என்று நீங்கள் சொன்னால் "யாரு? எப்போ?" என்பார். சளைக்காமல் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எங்களுக்குப் பலமுறை பலித்த வழி.

அன்பே அணியாய், அடக்கமே அழகாய், உண்மையே உடைமையாய் வாழ்ந்த பெருமகனே! காலையில் அவசரமின்றி எழுந்து, கடிதம் ஒன்றும் காத்திராத மேசையில் காப்பி குடித்து, முழங்கால் வலியறியாது மாடிப்படி ஏறி, மங்காத கண்ணோடும் மாறாத சிரிப்போடும், மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ நூறாண்டு வாழ்க! உங்கள் வீட்டு லிஃப்ட் நிற்காமல் ஓடுக! நின்றால் எங்களைக் கூப்பிடுக. ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் வேண்டாம், நேராகக் கூப்பிடுக.

அனுப்பும் பித்தானின் கடவுச்சொல்லை நேற்று மாலை நீங்கள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து, முன்னாள் வரவேற்பு மேசைக்காரரின் கையில் கொடுத்தீர்கள். கூடவே கோந்துப் புட்டியையும் கொடுத்தீர்கள். "எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றார் அவர். "இருக்கட்டும். இருந்தாத்தான் கேப்பே" என்றீர்கள்.

இம்மடலை எழுதியவரும் அவர்தான். தன்னைத் தானே 'அவர்' என்று இத்தனை மரியாதையோடு எழுதிக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்! எழுதி முடித்ததும், 'என் வேலையைக் காத்தவரே, என் மானத்தைக் காத்தவரே' என்று நன்றி சொல்லி, கீழே தன் ஒரு பெயரை மட்டும் போட்டுத் தனியாக ஒரு வரி சேர்க்க அவருக்கு ஆசை வந்தது. சேர்த்தும் பார்த்தார். பிறகு அவரே அழித்துவிட்டார். அந்த 'நான்' என்ற சொல்லை அவருக்காக அழித்து, அதன் இடத்தில் வேறொன்றை ஒற்றை விரலால் எழுதிக்கொடுத்தவர் நீங்கள். நீங்கள் திருத்தியதை மீண்டும் பிழையாக்க அவருக்கு மனம் வரவில்லை.

பத்திரமாக இறங்கி வந்த மெக்கானிக்,
கூரையைப் பார்க்கும் பொறியாளர்,
'ஹேட்' என்று சமரசம் பேசிய உதிரிபாகக் கிடங்குக்காரர்,
மூன்றாவதாகச் சேர்ந்துகொண்ட மேலாளர்,
நாளை முதல் உங்கள் நாற்காலியில் அமரப்போகும் தங்கச்சி,

இப்படிக்கு,
நாங்கள்.